அசைவு நின்ற பகல்

ஆவடி குவார்ட்டர்ஸ் வீட்டின் சிமெண்டுத் தரையில் அண்ணி இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்து, வயிற்றில் உள்ளங்கையை வைத்துக் காத்திருந்த அந்தப் பகல் எனக்கு மறக்கவில்லை. பானைத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்தால் குழந்தை உதைக்கும். அன்று உதைக்கவில்லை. எண்பதுகளின் கடைசி அது. நான் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். அண்ணன் தொழிற்சாலைக்குப் போயிருந்தான்.

"நேத்திலர்ந்து அசைவே இல்ல அத்த. எனக்கு இன்னாவோ மாதிரி கீது," என்றாள் அண்ணி. பக்கத்துப் பருத்திப்பட்டில் பிறந்து வளர்ந்தவள்.

அம்மா அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை. "மாசம் நெறஞ்சா உள்ள எடம் பத்தாது. அதான் அடங்கிக் கெடக்கு. நான் நாலு பெத்தவ," என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள். அண்ணிக்கு மனம் ஆறவில்லை. என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். நர்ஸ் வயிற்றில் குழலை வைத்துக் கேட்டு, "துடிப்பு கேக்குது. வலி வந்தா வாம்மா," என்று அனுப்பிவிட்டாள். திரும்பும் வழியில் அண்ணி, அவர்கள் சொல்வது சரியாகத்தான் இருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்பவள் போலத் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு வந்தாள்.

வலி வந்து பிறந்த ஆண் குழந்தை அழவில்லை. அண்ணன் அதைத் துண்டில் சுற்றி எடுத்துப் போனான். பால் வற்றுவதற்காக அம்மா அண்ணியின் மார்பில் மல்லிகைப்பூவை வைத்துக் கட்டினாள். கல்யாண வீடுபோல வீடெங்கும் பூ மணத்தது. விதி என்ற ஒரே சொல்லோடு எல்லோரும் பேச்சை முடித்துக்கொண்டோம்.

அடுத்த முறை உண்டாகியிருந்தபோது பிரசவத்துக்கு இன்னும் நாளிருந்தது. காலையில் சோறு வடிக்கப்போன அண்ணி, கையை வயிற்றில் வைத்தபடி அப்படியே நின்றாள். இந்த முறை யாரையும் கேட்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்பிவிட்டாள். நான் பின்னாலேயே ஓடினேன். துடிப்பு இருக்கிறது, வீட்டுக்குப் போ என்று டாக்டரம்மாவும் சொன்னார். அண்ணி பெஞ்சை விட்டு எழவில்லை.

"துடிப்பு கீதும்மா. ஆனா உள்ள ஏதோ சரியில்ல. நான் ஊட்டுக்குப் போவ மாட்டேன்."

குரல் உயரவேயில்லை. மாலைவரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள். அலுத்துப்போய் மறுபடி சோதித்த டாக்டரம்மாவின் முகம் மாறியது. உடனே ஆபரேஷன். குழந்தையின் கழுத்தில் தொப்புள்கொடி இறுகச் சுற்றியிருந்தது என்றார்கள். பெண் குழந்தை, உயிரோடு.

அம்மாவும் நானும் பார்க்கப் போனபோது அண்ணியின் முகத்தில் சந்தோஷம் இல்லை. குழந்தையை நெஞ்சோடு அணைத்தபடி அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"அன்னிக்கும் இதே மாதிரிதான் இருந்திச்சு அத்த."

பேத்தியை வாங்க நீட்டிய கைகளை அம்மா மெல்ல இழுத்துக்கொண்டாள். அம்மா இறந்து இப்போது பல வருடங்கள் ஆகின்றன. அண்ணி அந்தச் சொல்லை மறுபடி சொல்லவேயில்லை.