தீப்பெட்டி ஊரில் காக்கிச் சட்டை

பட்டாசு ஆலை வாசலில் நிற்கிற வேலை என்பது, வருகிறவருக்கெல்லாம் வணக்கம் சொல்லிவிட்டு அவர்களில் ஒருவரையும் நம்பாமல் இருப்பது. பீடி, தீப்பெட்டி, லைட்டர், செல்போன் எதுவும் உள்ளே போகக் கூடாது. ஏதோ ஒரு கேட்டில் காக்கி மாட்டிக்கொண்டு நிற்கிற உங்களுக்கு நான் இதை விளக்க வேண்டாம். கெண்டைக்கால் வலியில் நாமெல்லாம் ஒரே குடும்பம்.

என் பெயர் பவித்ரா. திருநங்கை. விருதுநகரிலிருந்து சிவகாசி போகிற வழியில் ஒரு ஆலையில் செக்யூரிட்டி. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்துக் கதைகள் இவை.

எந்த வரிசை?

வேலை கேட்டுப் போனபோது என்னை விசாரித்தவர் செக்யூரிட்டிகளுக்கெல்லாம் தலைவர். ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆலையில் எல்லாருக்கும் அவர் பட்டாளத்தார், எனக்கு அண்ணாச்சி. "ஆம்பளைக வரிசை அங்கன, பொம்பளைக வரிசை இங்கன. நீ எதைச் சோதிப்பே?" என்று கேட்டார். பெண்கள் வரிசை என்றேன். "ஒரு மாசம் பாக்கேன். அவுகள்ல ஒருத்தி வேண்டாம்னாலும் நீ கிளம்பிரணும். இந்த வரிசைத் தகராறுக்குத்தான் பட்டாளத்துலயே உங்க ஆளுகளைச் சேக்கிறதில்ல" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. பிளஸ் டூ முடித்ததும் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தார்கள் என்று நானும் போய் ஓடியிருக்கிறேன், வீட்டில் வைத்த ஆண்பிள்ளைப் பெயரோடு. ஓட்டத்தில் முன்வரிசையில் வந்தேன். அடுத்து எல்லாரும் சட்டையைக் கழற்றி நில்லுங்கள் என்றார்கள். கழற்ற முடியாமல் செருப்பைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். பஸ்ஸில் வீடு வரை அழுதேன். பிறகு நான் நானாக மாறியதும், பட்டாளத்து விண்ணப்பத்தில் எங்களுக்கென்று ஒரு கட்டமே இல்லை என்றார்கள். போலீஸில் எங்களுக்கு இடம் உண்டு, ஆனால் எழுத்துத் தேர்வு என்னைத் தாண்ட விடவில்லை. ஆகையால் இந்தக் காக்கியாவது உடம்பில் தங்க வேண்டும் என்று அவ்வளவு ஆசை.

ஓடிய கதையை மட்டும் சொன்னேன். பட்டாளத்தார் மீசையைத் தடவிக்கொண்டார்.

"ஓடுனது சரி. சிப்பாய்க எல்லாரும் சேந்து தங்குற பாரக்குல உன்னைய எங்கன படுக்க வைப்பாக?"

சட்டுனு பாரு

முதல் நாள் பெண்கள் என் பக்கமே வரவில்லை. பழைய செக்யூரிட்டி அக்கா ஒருவர் இருந்தார், எல்லாரும் அவர் முன்னால் போய் நின்றார்கள். அவர் நல்லவர், ஆனால் ஒவ்வொருத்தியிடமும் மருமகள் வந்த கதையைக் கேட்டுவிட்டுத்தான் இடுப்பையே தொடுவார். வேன் வேனாக ஆட்கள் இறங்குகிறார்கள், வரிசை ரோடு வரைக்கும் நீளுகிறது. எனக்கு முன்னால் காலி இடம். கல்யாண வீட்டில் தெரியாத ஊர்க்காரி மாதிரி நின்றேன்.

மாரியம்மாள் என்று பட்டாசுத் திரி வெட்டுகிற ஒரு அக்கா. திரிக்கட்டு எத்தனை முடிகிறதோ அதற்குத்தான் கூலி, நின்ற நேரத்துக்குக் கிடையாது. அவர் வரிசையை எட்டிப் பார்த்தார், வெயிலைப் பார்த்தார், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நேரே என்னிடம் வந்து கையைத் தூக்கினார். நான் பார்த்து முடித்ததும் திரும்பி மற்றவர்களைக் கூப்பிட்டார்.

"ஏ வாங்கடி, எந்தக் கையா இருந்தா என்ன, இந்தப் புள்ள கை வேகமா இருக்கு."

தாழ்ப்பாள்

கேட்டில் கழிப்பறை ஒன்றுதான். அதற்கும் தாழ்ப்பாள் கிடையாது. பட்டாளத்தார் உள்ளே போனால் நான் வெளியே முதுகைக் காட்டி நிற்பேன், நான் போனால் அவர் நிற்பார். மழை பெய்த ஒரு நாள் கேட்டு ரூமில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். அவர் மறுபடியும் பாரக்கை ஆரம்பித்தார். படுக்கை எங்கே, குளிப்பது எங்கே, சண்டைக்குப் போகிற இடத்தில் இதையெல்லாமா பார்த்துக்கொண்டிருக்க முடியும்?

"அண்ணாச்சி, நம்ம ரெண்டு பேருக்கும் தாப்பாளே இல்ல. நாளு ஓடுதா இல்லியா? நம்பி முதுகைக் காட்டுறதுக்கு ஆள் இருந்தாப் போதாதா? பட்டாளத்துல வேற என்ன வேணும்?" என்றேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். அது எப்போதோ ஆறியிருந்தது.

"சாயங்காலம் ஆசாரிய வரச் சொல்லி தாப்பாள் போடணும். அதுவரைக்கும், நான் உள்ள போயிட்டு வாரேன், செத்த நேரம் முதுகைக் காட்டி நில்லு."

முதல் லோடு

சீசனின் முதல் லோடு ஏற்ற வடக்கேயிருந்து லாரி வந்தது. டிரைவர் என்னைப் பார்த்ததும் இறங்கி வந்து கைகூப்பினார். இந்தியில் ஏதோ சொன்னார். பட்டாளத்தாருக்கு இந்தி தெரியும். "உன் கையால ஒரு ரூவாக்காசு வேணுமாம். உங்க ஆளுக ஆசீர்வாதம் வண்டிக்கு நல்லதாம்" என்றார். நான் முதலில் டிரைவரின் பாக்கெட்டைச் சோதித்து லைட்டரை எடுத்துக்கொண்டு, பிறகு காசைக் கொடுத்தேன். இரண்டுக்கும் சேர்த்து அவர் ஒரே கும்பிடாகப் போட்டார். பட்டாளத்தார் அன்றைக்குச் சிரித்த மாதிரி அதற்கு முன் சிரித்து நான் பார்த்ததில்லை.

"உன்னையக் கொண்டுபோயி பார்டர்ல நிறுத்துனா, எதிரி துப்பாக்கியக் கீழ வச்சிட்டு ஆசீர்வாதம் கேப்பான்."

வெள்ளிக்கிழமை

மாதம் முடிய ஒரு நாள் இருந்தது. வேலை உண்டா இல்லையா என்று பட்டாளத்தார் மறுநாள் சொல்ல வேண்டும். அன்று முகூர்த்தம், ஆண்கள் வரிசை பார்க்கிறவரும் பழைய செக்யூரிட்டி அக்காவும் கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள். இரண்டு வரிசையும் என் தலையில். பட்டாளத்தார் அம்மன் கோயிலுக்குப் போய்விட்டு, நெற்றி நிறையக் குங்குமத்தோடு வந்தார். தினமும் எல்லாருக்கும் முன்மாதிரியாக அவரும் கையைத் தூக்கி நிற்பார். அன்றும் நின்றார். கால்சட்டைப் பையில் என் விரலுக்குத் தீப்பெட்டி தட்டுப்பட்டது. சூடம் ஏற்றிய கையோடு பையில் போட்டிருக்கிறார், மனிதருக்கே தெரியவில்லை.

பிடிபட்ட தீப்பெட்டியை எல்லாரும் பார்க்க வாளித் தண்ணீரில் போட வேண்டும், கொண்டுவந்தவர் அன்று சம்பளமில்லாமல் வீட்டுக்குப் போக வேண்டும். அவர் போட்ட சட்டம்தான். உள்ளங்கையில் மறைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது, என் வேலையும் நிலைத்திருக்கும். ஆனால் உள்ளே ஷெட்டில் மாரியம்மாள் அக்கா வெடிமருந்துத் திரிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். என் கையை நம்பித்தான் அவர் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறார். தீப்பெட்டியை வெளியே எடுத்தேன், வாளியில் போட்டேன். "அண்ணாச்சி, நீங்க வீட்டுக்குப் போங்க" என்றேன். பட்டாளத்தார் மிதக்கிற பெட்டியைப் பார்த்தார். கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு மொபெட்டைத் திருப்பினார்.

மறுநாள் விசிலைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். வாங்கவில்லை. ஒரு மாதமாக என்னை எந்த முறை சொல்லியும் கூப்பிடாத மனிதர், அன்றைக்குத்தான் கூப்பிட்டார்.

"நீயே வச்சிக்க தாயி. பட்டாளத்துல உங்களைச் சேக்கணுமான்னு யாரும் கேட்டா, சேக்கணும்னுதான் இனிமே சொல்லுவேன். ஆனா என் காலத்துல நீ அங்கன இருந்திருந்தா, பாதி நாளு சம்பளமில்லாம வீட்டுக்குப் போயித்தான் நான் ரிட்டயர் ஆயிருப்பேன்."

தீப்பெட்டி செய்கிற ஊரிலேயே தீப்பெட்டியை உள்ளே விடாமல் காலம் தள்ளுகிறவளுக்கு, பட்டாளத்து வாசல் திறக்கிற வரைக்கும் கால் கடுக்க நிற்பதொன்றும் புது வேலை இல்லை.