கூரை தொடாத சுவர்

பதுளையை விட்டுக் கொழும்புக்குப் போய்ப் பத்திரிகைக்கு நகைச்சுவை எழுதிப் பிழைக்கத் தொடங்கிய பிறகு, அந்த ஊர் என்னைத் தேடிக்கொண்டிருக்கும் என்று ஒரு நினைப்பு எனக்கு இருந்தது. எழுபதுகளின் நடுவில், அரிசிக்கும் மாவுக்கும் நாடே வரிசையில் நின்ற காலத்தில், திரும்பிப் போனேன். ரயில் நிலையத்தில் என்னைக் கவனித்தது ஒரு நாய் மட்டுமே. பைக்குள் தின்ன ஏதுமில்லை என்று தெரிந்ததும் அதுவும் போய்விட்டது.

கடைவீதியில் புடைவைக் கடை வைத்திருந்த நண்பன் என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"கொழும்புல அரிசி இல்லன்னாங்க. நீ எப்பிடி மச்சான் இந்த வயித்த வச்சிருக்கே?"

"பழைய இருப்பு," என்றேன்.

அந்தக் காலத்தில் நாங்கள் மூன்று பேர். மூன்றாமவனுக்கு ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் தேயிலை ஃபாக்டரியில் வேலை. நான் கதை சொல்வேன், அவன் திருத்துவான். தோட்டத்து வரிசை வீடான அவன் லயத்துக்குப் போய்ச் சாப்பிடாமல் நான் திரும்பியதே இல்லை. வயிறு நிறைந்துவிட்டது என்றால், "அது ஒன் அபிப்பிராயம்" என்று இன்னொரு கரண்டி வைப்பான்.

"அவன் இப்ப டவுனுக்கு வாறதில்ல," என்றான் கடைக்காரன். "தோட்டத்துல வாரத்துக்கு ரெண்டு நாள்தான் வேலை. போறதுன்னா சாப்பிட்டேன்னு சொல்லிரு." காலையில் தான் வரிசையில் நின்று வாங்கிய பாண் ரொட்டியைத் தாளில் சுற்றி என் கையில் திணித்தான்.

பஸ்ஸில் அந்தப் பாணை மடியில் வைத்திருந்தேன். பஸ்ஸே அதை உற்றுப் பார்த்தது. என் எழுத்தை யாரும் அப்படி உற்றுப் பார்த்ததில்லை.

லயத்து வாசலில் அவன் மனைவி நின்றாள். நன்றாக மெலிந்திருந்தாள்.

"வாங்கண்ணே. அவரு பசறைக்குப் போயிருக்காருங்களே. வர நாளாகும்."

அவனுடைய செருப்பு வாசலில் இருந்தது. அவனுடையதுதான், இடது செருப்பு தேய்ந்திருந்தது; இடது காலைத் தேய்த்து நடப்பவன். வெளியே மழை தூறியது; குடை ஆணியில் தொங்கியது. வெறுங்காலோடு மழையில் பசறைக்குப் போகும் அளவுக்கு அங்கே என்ன அவசரமோ, நான் கேட்கவில்லை.

உள்ளே ஒரு பலகையில் உட்கார்ந்தேன். அவள் சீனியில்லாத சாயத்தண்ணி கொண்டுவந்தாள். அடுப்பில் வேறு எதுவும் இல்லை. தேயிலைத் தோட்டத்தில் தேயிலைக்கு மட்டும் பஞ்சமில்லை.

லயத்தில் வீடுகளைப் பிரிக்கும் சுவர் கூரைவரை போவதில்லை. ஒரு வீட்டில் தாளித்தால் அடுத்த வீட்டில் தும்முவார்கள். அன்று அடுத்த வீட்டிலிருந்து ஓர் இருமல் வந்தது. பாதியில் அமுக்கப்பட்ட இருமல். அவள் தரையைப் பார்த்தாள்.

நான் அவளிடம் பழைய கதை ஒன்றைச் சொல்லத் தொடங்கினேன், சுவருக்கும் கேட்கும்படி. கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு நாங்கள் மூவரும் மழையில் இந்தத் தோட்டத்துக்கு நடந்து வந்த கதை. கடைக்காரன் தன் கடையில் விற்பனைக்கு இருந்த புதுக்குடையைக் கொண்டுவந்து, மறுநாள் காயவைத்து அதே விலைக்கு விற்றது வரைக்கும் சொன்னேன்.

"வழி முழுக்க நான்தான் குடை பிடிச்சேன். இவங்க ரெண்டு பேரும் அட்டைக்குப் பயந்து அழுதுகிட்டு வந்தாங்க."



சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அவன் குரல் மேலே ஏறி, புகையடித்த தகரத்தில் பட்டு இறங்கியது.

"நாந்தான்டா புடிச்சேன். அழுதது நீ."

எழுந்தேவிட்டேன். வாசலைப் பார்த்தேன். இப்போது வருவான், திட்டுவான், "உக்காரு, சாப்பிட்டுட்டுப் போ" என்பான்.

"நேரமாச்சு," என்றது குரல். "பஸ்ஸப் புடி."

என்னிடம் அவன் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"சரிடா," என்றேன் சுவரைப் பார்த்து.  

பாணை மறந்ததுபோல் பலகையில் விட்டுவிட்டு இறங்கினேன். அவள் பின்னாலேயே வந்துவிட்டாள்.

"அண்ணே, இத விட்டுட்டுப் போறீங்க."

"வச்சுக்கம்மா."

அவள் சுவர்ப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் நீட்டினாள். "வேணாங்கண்ணே. அவரு கோவிச்சுக்குவாரு."

பதுளையில் கடையை மூடிக்கொண்டிருந்தவன் என் கையைப் பார்த்தான்.

"இருந்தானா?"

"இருந்தான்."

"பாத்தியா?"

"பேசினேன்."

அவன் பாணை வாங்கி மேசைமேல் வைத்தான். வெகுநேரம் இருவரும் அதைப் பிரிக்கவில்லை.