வைப்பர் எட்டாத மூலை

அது அழுக்கு என்றுதான் நினைத்தேன். சுவிஸில், ஷ்லீரன் என்கிற ஊரில் நாங்கள் துப்புரவு செய்த கந்தோர்க் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், வாளிகளும் மொப்புகளும் வைக்கிற சின்ன அறையில், மருமகள் தன் கைத்தொலைபேசியைச் சவர்க்காரப் போத்தலில் சாய்த்து வைத்து ஒரு ஜப்பான் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தாள். படத்தில் மழை. ஒரு பழைய கார் மலைப்பாதையில் ஏறுகிறது. வைப்பர் இரண்டும் போய்ப் போய் வருகின்றன. கண்ணாடியின் மேல் மூலையில் மட்டும், வைப்பர் எட்டாத இடத்தில், ஆப்பு வடிவாய் மங்கலாக ஒரு துண்டு. கை சும்மா இருக்குமா? இடுப்பில் செருகியிருந்த மஞ்சள் துணியை எடுத்து அந்த மூலையைத் துடைத்தேன். போகவில்லை. கொஞ்சம் அழுத்தித் துடைத்தேன். படம் நின்றுவிட்டது. மருமகள் வாயில் இருந்த பாண் துண்டோடு சிரித்துப் புரைக்கேறிப் போனாள்.

"மாமி, அது படத்திலையே கீறினது. ஊத்தையையும் சேர்த்துத்தான் கீறியிருக்கினம்."

துணியைக் கையில் பிடித்தபடி அந்த மூலையைப் பார்த்தேன். வெளிக்கண்ணாடி எத்தனையோ துடைத்தவள் நான். எந்தக் கருவி வந்தாலும் மூலை என்று ஒன்று மிச்சம் இருக்கும், அதற்குக் கைதான் போக வேண்டும். இதைக் கீறினவர் ஆரோ, ஒருநாளாவது நின்று கண்ணாடி துடைத்திருக்க வேண்டும் என்று சொன்னேன். மருமகள் சிரிப்பதை விட்டுவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். அன்றைக்குப் பிறகு அவள் என்னை விட்டுவிட்டுத் தனியாகப் படம் பார்க்கவில்லை.

அவள் என் தம்பியின் மூத்த பிள்ளை. இங்கேயே பிறந்தவள். லுசேர்ணில் படம் கீறுகிற படிப்புப் படித்தாள். சனிக்கிழமைகளிலும் பள்ளி விடுமுறையிலும் என்னோடு வேலைக்கு வருவாள். தம்பிக்கும் மச்சாளுக்கும் அந்தப் படிப்பில் விருப்பமில்லை. கொண்டாட்ட வீடுகளில் மற்றவர்களின் பிள்ளைகள் டொக்டருக்குப் படிக்கிறார்கள், வங்கியில் இருக்கிறார்கள் என்று கதை வரும்போது, மச்சாள் சாப்பாட்டுக் கோப்பைகளை அடுக்கத் தொடங்கிவிடுவாள். எனக்கு அதில் வெட்கம் இல்லை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். இதை எழுதுவதற்கே எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் எழுதுகிறேன். ஆனால் ஒருவர் செய்கிற வேலையில் மனம் இருக்கிறதா இல்லையா என்று பார்த்தவுடன் சொல்லுவேன். அவளுக்கு இருந்தது.

அவளோடு படம் பார்ப்பதில் ஒரு கரைச்சல் உண்டு. கதை நகராது. கார் வந்தால் நிறுத்திவிடுவாள். பிறேக் பிடிக்கும்போது காரின் மூக்கு கொஞ்சம் குனிந்து நிமிருவதைக் காட்டுவாள். கார் நின்ற பிறகும் கண்ணாடியில் தொங்குகிற கோயில் கயிறு இரண்டுதரம் ஆடி ஓய்வதைக் காட்டுவாள். குளிர்காலக் காலையில் எஞ்சின் முதலில் இருமி, பிறகுதான் பிடிப்பதைக் கேட்கச் சொல்லுவாள். பின் சீட்டில் பாரம் ஏறினால் பின் சில்லுகள் பதிவதைக்கூடக் கீறியிருந்தார்கள். அந்தப் படங்களில் யார் யாரைக் கட்டினார், யார் செத்தார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கார்களை ஊரில் பக்கத்து வீட்டுக்காரரின் காரைப்போல எனக்குத் தெரியும். ஸ்டியரிங்கும் எங்கள் ஊரைப்போல வலப்பக்கம். அதைக் கண்டதும் எனக்கு ஒரு சொந்தம் வந்துவிட்டது.

அந்தக் காலத்தில்தான் எங்கள் கொம்பனி ஊஸ்டருக்கு மேலே மலைக்கிராமங்களில் சில பள்ளிக்கூடங்களைத் துப்புரவுக்கு எடுத்தது. பள்ளி தொடங்க முன்னம் வேலை முடிய வேண்டும். முதல் பஸ் வருகிற நேரத்துக்கு அங்கே வேலை பாதி முடிந்திருக்க வேண்டும். லைசன்ஸ் இருக்கிறவர் கொம்பனி வானை ஓட்டி, மற்ற நாலு பேரை ஏற்றிக்கொண்டு போய், அந்தக் குழுவுக்குப் பொறுப்பாய் இருக்கலாம் என்று மேலதிகாரி அம்மா சொன்னார். கந்தோர்க் கட்டடத்தில் ஆட்குறைப்பு வரப்போவதையும் மறைக்காமல் சொன்னார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வேலையில் மூத்தவள் நான். அவருக்கு, என் புருசனுக்கு, கண் மங்கிக் கார் ஓட்டுவதை விட்டு வெகு நாளாயிற்று. இன்னொருவரின் வானில் பின் சீட்டில் ஏறி, எனக்குப் பிறகு வேலைக்கு வந்தவர் சொல்லுகிற இடத்தில் மொப் பிடிக்க என்னால் முடியாது. நான் ஓட்டப் பழகி லைசன்ஸ் எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்துதான் பயந்தேன்.

எழுத்துச் சோதனையைப் படங்களைப் பாடமாக்கிப் பாஸ் பண்ணினேன். கேள்வியை வாசிக்கத் தெரியாவிட்டாலும், எந்தப் படத்துக்கு எந்த விடை என்று மருமகள் சொல்லித் தந்ததெல்லாம் மனதில் நின்றது. கார் ஓட்டுவதும் வந்தது. கியர், கிளச், மேட்டில் எடுப்பது எல்லாம் வந்தது. வராதது ஒன்று. பாதை மாற முன்னம், திரும்ப முன்னம், தோளுக்கு மேலாலே தலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். ஷுல்டர்பிளிக் என்பார்கள். பக்கக் கண்ணாடியில் தெரியாத ஓர் இடம் இருக்கிறது, சைக்கிள்காரர் அதற்குள் வந்து நிற்பார். பழக்குகிற மனுசர் நல்லவர். ஆனால் ஒவ்வொரு திருப்பத்திலும் "கொப்ஃப்! கொப்ஃப்!" என்று தன் தலையைத் தட்டிக் காட்டுவார். நான் கண்ணாடியை மட்டும் பார்த்துக்கொண்டு நேரே போவேன். முதல் ஓட்டச் சோதனையில் அதற்காகவே விழுத்திவிட்டார்கள்.

அடுத்த சனிக்கிழமை, கழுத்தில் ஏதும் நோவோ என்று மருமகள் கேட்டாள். கழுத்தில் ஒன்றுமில்லை. ஏன் திருப்ப முடியவில்லை என்று எனக்கே அதுவரை தெரியாது. அவள் விடாமல் கேட்கக் கேட்கத்தான் அம்மாவின் குரல் வந்தது. ஊரில் நான் பெரியபிள்ளையான பிறகு, படலையைத் திறந்து வெளியே போகும் ஒவ்வொரு முறையும் அம்மா சொல்லுவது அது. தெருவில் போகிற பொம்பிளைக்கு முன்னுக்குக் கண் இருந்தால் போதும். பின்னாலே சைக்கிள் மணி அடித்தாலும், யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டாலும், திரும்பிப் பார்க்கிறவள் நல்லவள் இல்லை. நான் நல்லவள். எத்தனையோ வருடம் இந்தச் சுவிஸ் தெருக்களிலும் நேரே பார்த்தே நடந்தவள். பின்னால் சைக்கிள் வந்தால் திரும்பாதே என்றது என் உடம்பு. பின்னால் சைக்கிள் வந்தால் திரும்பிப் பார் என்றார் வெள்ளைக்காரர். உடம்பு அம்மாவின் சொல்லைத்தான் கேட்டது.

இதைச் சொன்னால் அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கைத்தொலைபேசியை எடுத்துத் தேடி ஒரு படத்தைப் போட்டாள். ஒரு நடுவயதுப் பெண் வலப்பக்கக் கதவைத் திறந்து ஏறுகிறாள், பெல்ட்டைப் போடுகிறாள், கண்ணாடியைச் சரிபார்க்கிறாள், கை பிறேக்கை விடுகிறாள். ஒழுங்கையில் இருந்து பெருந்தெருவுக்கு எடுக்க முன்னம் தலையைத் திருப்புகிறாள். மருமகள் அதைத் துண்டு துண்டாய் நகர்த்திக் காட்டினாள். முதலில் கண் போகிறது. பிறகு நாடி. பிறகு சட்டையின் தோளில் ஒரு சுருக்கம் விழுகிறது. தலைமயிர் கொஞ்சம் பிந்தி வந்து சேருகிறது. அதெல்லாம் முடிந்த பிறகுதான் கை ஸ்டியரிங்கைத் திருப்புகிறது.

"இந்த ஒரு திரும்பலுக்காக ஆரோ கனநாள் குந்தியிருந்து கீறியிருக்கினம், மாமி. உயிரில்லாதவள், அவளே திரும்பிப் பாக்கிறாள். நீங்கள் உயிரோடை இருந்துகொண்டு மரமாட்டம் போறியள்."

வேறு யாரும் மரம் என்று சொல்லியிருந்தால் கதை வேறாகியிருக்கும். அன்றைக்கு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் இருந்தேன். மொப் தடியை ஸ்டியரிங்போலக் குறுக்காய்ப் பிடித்தேன். அவள் என் பின்னால் நின்று ஒரு தரம் இடப்பக்கம், ஒரு தரம் வலப்பக்கம் விரல்களைக் காட்ட, நான் திரும்பிப் பார்த்து எத்தனை என்று சொல்ல வேண்டும். அறைக்குள் சவர்க்காரம் எடுக்க வந்த போர்த்துக்கீசக்காரி எங்களைப் பார்த்துவிட்டுக் கதவை மெல்லச் சாத்திக்கொண்டு போனாள். இடைவேளை கிடைத்த போதெல்லாம் இதுதான் வேலை. கழுத்து மெல்ல மெல்ல இளகியது. பிறகு தெருவில் நடக்கும்போதும் திரும்பிப் பார்க்கத் தொடங்கினேன். பின்னால் ஒன்றும் பெரிதாய் இருக்கவில்லை. மனிதர்கள் தங்கள்பாட்டில் வந்துகொண்டிருந்தார்கள்.

இரண்டாம் சோதனை நாளன்று காலை முழுக்க அந்தக் கார்ட்டூன்காரியைத்தான் மனதில் ஓட்டினேன். கதவு, பெல்ட், கண்ணாடி, கை பிறேக், கண், நாடி, தோள். சோதனைக்கார ஐயா கைகொடுத்து, ஏறுங்கள் என்றார். நான் நிமிர்ந்து நடந்து போய், வலப்பக்கக் கதவைத் திறந்து ஏறி, பெல்ட்டையும் போட்டேன். பார்த்தால் முன்னுக்கு ஸ்டியரிங் இல்லை. இங்கே ஸ்டியரிங் இடப்பக்கம், படத்தில் அவள் வலப்பக்கம்தானே ஏறினாள். ஐயா அந்தப் பக்கத்துக்கே வந்து, தன் இடத்தில் நான் இருப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார். என்னோடு வந்து தூரத்து வாங்கில் குந்தியிருந்த மருமகள் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

நான் பதறவில்லை. கைப்பையில் எப்போதும் மஞ்சள் துணி இருக்கும். அதை எடுத்து, திறந்திருந்த கதவின் கண்ணாடியை வடிவாய்த் துடைத்தேன். முதலில் துப்புரவு என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன். பெல்ட்டைக் கழற்றி இறங்கி, முன் விளக்கு இரண்டையும் துடைத்து, வைப்பரைத் தூக்கிப் பார்த்து வைத்து, மற்றப் பக்கக் கண்ணாடியையும் துடைத்துவிட்டு, இடப்பக்கத்தால் ஏறினேன். அவர் ஏறி ஏதோ எழுதினார். நம்பினாரோ, என் வயதுக்கு மரியாதை தந்தாரோ, எனக்குத் தெரியாது. பிறகு ஓடினோம். பாலத்தடியில் வலப்பக்கம் திரும்பச் சொன்னார். கண் போனது, நாடி போனது, தோள் சுருங்கியது. கண்ணாடியில் இல்லாத ஒரு சைக்கிள்காரப் பெண் அங்கே, என் தோளுக்குப் பின்னால், பிள்ளை இருக்கையில் ஒரு குழந்தையோடு வந்துகொண்டிருந்தாள். நான் நின்றேன். அவள் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனாள். அந்த நேரம் எனக்குச் சோதனை மறந்துபோய்விட்டது. அந்தக் குழந்தையின் சிவப்புத் தொப்பி மட்டும்தான் தெரிந்தது. திரும்பி வந்து காரை நிறுத்தியதும் ஐயா கைகொடுத்தார்.

அதற்குப் பிறகு ஓய்வு எடுக்கும் வரை அந்த மலைப் பள்ளிக்கூடங்களின் வான் என் கையில்தான் இருந்தது. பனியிலும் ஓட்டினேன். ஒருவரின் வானிலும் நான் பின் சீட்டில் இருந்ததில்லை.

மருமகள் படிப்பை முடித்து, ஜப்பானில் படம் கீறுகிற ஒரு சின்ன இடத்தில் வேலை கிடைத்துவிட்டது என்றபோது தம்பி வீட்டில் பெரிய சண்டை. கடைசியில் நான்தான் எல்லோரையும் காரில் ஏற்றிக்கொண்டு குளோட்டன் விமான நிலையத்துக்குப் போனேன். மச்சாள் வழிமுழுக்க அழுதாள். இனித் திரும்பிப் பாராமல் போ பிள்ளை, பயணம் போகேக்கை பாக்கக் கூடாது என்று மகளின் நெற்றியில் திருநீறு பூசிவிட்டாள். அவளும் நேரே நடந்து போனாள். கண்ணாடிக் கதவடியில் நின்று, முதலில் கண், பிறகு நாடி என்று மெதுவாய்த் தலையைத் திருப்பி, தன் தோளைத் தட்டி என்னைப் பார்த்துச் சிரித்தாள். சகுனம் பிழைத்துப் போச்சே என்று மச்சாள் என் கையைப் பிடித்தாள்.

"அது சகுனமில்லை மச்சாள், ஷுல்டர்பிளிக். பாதை மாறேக்கை திரும்பிப் பாக்கத்தான் வேணும்."

இந்த இலையுதிர் காலத்தில் அவள் விடுமுறைக்கு வந்தாள். தம்பிக்கு முழங்கால் சரியில்லை, நான் போய் ஏற்றிவந்தேன். எழுபது தாண்டிவிட்டேன், ஆனாலும் கண் நல்லது என்று வைத்தியரே எழுதித் தந்திருக்கிறார். கார் நிறுத்துமிடத்தில் பெட்டியைப் பின்னால் வைத்துவிட்டு, கதைத்துக்கொண்டே போய் இடப்பக்கக் கதவைத் திறந்தாள். ஏறி இருந்தபிறகுதான் மடியில் ஸ்டியரிங் இடித்தது. ஜப்பானில் பக்கத்தில் இருந்து போகிறவருக்கு அதுதானே இடம்.

நான் கைப்பையில் இருந்து மஞ்சள் துணியை எடுத்து அவளிடம் நீட்டினேன். "முதலிலை துப்புரவு," என்றேன். அவள் ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தாள். பிறகு இறங்கி உண்மையாகவே கண்ணாடியைத் துடைத்துவிட்டுச் சுற்றிவந்து ஏறினாள்.

நெடுஞ்சாலையில் மழை பிடித்தது. அவள் தன் வேலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தாள். முதல் முதலாக ஒரு கார் வருகிற காட்சியை முழுதாய்த் தன்னிடம் தந்தார்களாம். கண் மூடித் திறக்க முன்னம் முடிந்துவிடுமாம். அதற்கே மழைக்காலம் முழுக்க இருந்து கீறினாளாம். காரின் கதவுப் பைக்குள் மடித்து வைத்த ஒரு மஞ்சள் துணி இருக்கிறதாம், ஒருவரும் கவனிக்க மாட்டார்களாம். பாதை மாற வேண்டியிருந்தது, தோளுக்கு மேலாலே பார்த்து மாறினேன். தம்பி வீட்டு வாசலில் காரை நிறுத்தியதும், வழமைபோலத் துணியோடு இறங்கி முன் கண்ணாடியில் வைப்பர் எட்டாத மேல் மூலைக்குக் கையை நீட்டினேன். அந்த மங்கல் துண்டுக்கு அந்தப் பக்கம், உள்ளே இருந்தபடி, அவள் தலையைச் சாய்த்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேலை செய்கிற ஆளின் பார்வை அது.

துணியை மடித்துப் பைக்குள் வைத்தேன். அந்த மூலை அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.