எல்லைக் கோட்டையிலிருந்து இறங்கிய விதம்

மொன்றியலில் என்னைக் கழுத்துப்பட்டி இல்லாமல் கண்டவர்கள் குறைவு. கல்லூரியில் படிப்பித்த காலத்து ஒழுங்கு அது.

கடந்த கோடையில் மகளின் மாமனாரைப் பார்க்க இங்கிலாந்துக்குப் போயிருந்தேன். ஸ்கொட்லாந்து எல்லையில் இடிந்து கிடக்கும் இடைக்காலக் கோட்டை ஒன்றுக்கு அவர் என்னை அழைத்துச் சென்றார்.

“மாஸ்டர், உங்களுக்கு ஏலாது. கீழ இருங்கோ,” என்றார். அதற்காகவே ஏறினேன். கோபுர உச்சியில் நின்று இரு நாடுகளையும் ஒரே பார்வையில் பார்த்தேன்.

இறங்கும்போதுதான் முழங்கால்கள் மறுத்தன. சுழற்படிகள் நடுவில் தேய்ந்து வழுக்கின. இரண்டு பேரை அழைத்துத் தூக்கி இறக்கட்டுமா என்று காவலாளி கேட்டார்.

முன்னால் இறங்கிக்கொண்டிருந்த சம்பந்தி திரும்பினார். “ஓமெண்டு சொல்லுங்கோ மாஸ்டர்! சனம் பாக்குது, மானம் போகுது.”

“தூக்கினாத்தான் போகும், சம்பந்தி.”

மடிப்புக் கலையாத காற்சட்டையோடு படியில் உட்கார்ந்தேன். இருந்தபடியே ஒவ்வொரு படியாக இறங்கினேன். ஏற வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். சம்பந்தி மட்டும் கைத்தொலைபேசியில் படம் பிடித்தார்.

அந்தப் படம் எனக்கு முன்பே மொன்றியல் வந்துவிட்டது. நான் இருக்கும் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில், தமிழ்க் கடையொன்றில் ஒருவர், “என்ன மாஸ்டர், கோட்டையைப் பிடிச்சிட்டியளாம்?” என்று சிரித்தார்.

“ஓம் தம்பி. இறங்கினதும் நானேதான்.”

படத்தை அழிக்கச் சொல்லட்டுமா என்று மகள் கேட்டாள். வேண்டாம் என்றேன். ஒருநாள் என்னை நாலு பேர் தூக்கத்தான் போகிறார்கள். அதுவரை நானே இறங்குவேன்.