மலை அணிலும் என் வாயும்

சனிக்கிழமை காலைகளில், நான் வேலை பார்க்கும் ஏலக்காய்க் கடை திறப்பதற்கு முன்னால், என் மகளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ரோட்டில் கொஞ்ச தூரம் போய் வருவது வழக்கம். மரம், செடி, பறவை பார்ப்பதற்குத்தான். பார்ப்பது அவள், பேசுவது நான்.

படிப்பைப் பத்தாவதோடு நிறுத்தியவன் என்றாலும், மலை ரோட்டில் ஏறியதும் எனக்குள் ஒரு வாத்தியார் எழுந்து நின்றுவிடுவார். மலை அடிவாரத்து முந்தல் தாண்டி, இலை உதிர்ந்து காய் மட்டும் தொங்கும் இலவ மரங்களைப் பார்த்ததும் திறக்கும் வாய், வீட்டு வாசலில் ஸ்டாண்டு போடும்வரை மூடாது. பெயர் தெரிந்ததைச் சொல்வேன். தெரியாவிட்டால், “அது ஒரு வகைக் குருவி” என்பேன். எங்கள் மலையில் ‘ஒரு வகைக் குருவி’கள்தான் அதிகம்.

மகளுக்கு மலை அணில் பார்க்க வேண்டும். எஸ்டேட்டிலிருந்து வரும் அவள் வகுப்புத் தோழி தினமும் பார்க்கிறாளாம். நாங்கள் எத்தனையோ வாரம் போயும் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

“நீங்க பேசிப் பேசியே எல்லாத்தையும் வெரட்டி விட்டுர்றீங்கப்பா. நாளைக்கு வாயே தொறக்கக் கூடாது. நாளைக்கும் அணிலப் பாக்கலைன்னா, இனிமே நான் வரலை. வீட்ல தூங்குறேன்.”

“ஒரு வார்த்தைகூடவா ஆத்தா?”

“பாருங்க, இப்பவே ஆரம்பிச்சுட்டீங்க!”

“உங்கப்பாவா? முந்தல் வரைக்கும் தாங்க மாட்டாரு” என்று அடுப்படியிலிருந்து என் மனைவி சிரித்தாள்.

உங்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். வாரத்தில் மகளோடு தனியாக இருக்க எனக்குக் கிடைப்பது அந்த ஒரு காலைதான். அது போய்விடக் கூடாதே என்று வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் காலை. ரோட்டோரம் ஒரு மஞ்சள் பூ. தொண்டைவரை வந்த பெயரை விழுங்கினேன். அது சரியான பெயர்தானா என்பது வேறு விஷயம். மேலே ஒரு கொண்டை ஊசி வளைவில் வண்டியை ஓரங்கட்டி, பெரிய மரங்களுக்கு அடியில் நின்றோம். எங்கோ தண்ணீர் சொட்டியது. ஒரு பறவை சீட்டி அடித்தது. சருகு விழும் சத்தம்கூடக் கேட்டது. நான் பேசாவிட்டால் அந்த வளைவில் இத்தனை சத்தம் இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

அப்போதுதான் அந்த வாலைப் பார்த்தேன். சரிவில் நின்ற மரத்தின் கிளையிலிருந்து, பழுப்பு நிறத்தில், நீளமாகத் தொங்கி ஆடியது. மகளோ வேறு பக்கம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டையைப் பிடித்து இழுத்தேன். கையைத் தட்டிவிட்டாள். முன்னால் போய் நின்று, ஒரு கையால் மரத்தைக் காட்டி, மறு கையை முதுகுக்குப் பின்னால் வாலைப் போல ஆட்டினேன்.

அந்நேரம் பார்த்து எஸ்டேட் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஒரு ஜீப்பு வந்து நின்றது.

“என்னண்ணே, வண்டி மக்கர் பண்ணுதா?” என்றார் டிரைவர்.

இல்லை என்று தலையாட்டினேன்.

“வாய் பேச வராது போல, பாவம்” என்றது பின்னால் ஒரு பெண் குரல்.

“நல்லாப் பாருக்கா, பின்னாடி கைய வைக்கிறாரு. என்னமோ கடிச்சிருச்சு” என்றது இன்னொரு குரல்.

மகளுக்கு வெட்கமாகிவிட்டது. “ஒண்ணுமில்லக்கா. எங்கப்பா பேசுனா அணிலு ஓடிரும். அதான்.”

டிரைவர் எஞ்சினை நிறுத்தினார். எல்லாத் தலைகளும் என் விரல் காட்டிய பக்கம் திரும்பின. காற்று வீசியது. வால் மடங்கி விரிந்தது.

“அண்ணே,” என்றார் முதலில் பேசிய பெண், “அது சாக்கு.”

ஏதோ லோடு ஜீப்பிலிருந்து பறந்துபோய் மாட்டிய கிழிசல். அத்தனை பேரும் சிரித்த சிரிப்பு மலையில் மோதித் திரும்பி வந்தது. நான் வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டேன். திடீரென்று தலைக்கு மேலே கிளை குலுங்கியது.

“அந்தா! அந்தா போகுது!” என்று மகள் கத்தினாள்.

நான் நிமிர்வதற்குள் அது ரோட்டுக்கு மேலாகத் தாவி அந்தப் பக்கத்து மரத்துக்குப் போய்விட்டது. நான் பார்த்தது ஆடும் கிளையை மட்டும்தான். ஜீப்பு கிளம்பியதும் வாயைத் திறந்தேன்.

“பாத்தியா ஆத்தா?”

“மேல கருப்புப்பா, வயிறு வெண்ணெய்க் கலரு. வாலு அது ஒடம்ப விட நீளம்! நீங்க பாக்கலையா?”

“வாலப் பாத்தேன்.”

“எது, சாக்கு வாலா?”

இறங்கும்போது மெதுவாக வழக்கை எடுத்தேன். “சத்தம் கேட்டுத்தான அணிலு வெளிய வந்துச்சு? அப்ப நான் பேசலாம்ல?”

“அது அவங்க சிரிச்ச சத்தம்பா. உங்க சத்தம் வேற.”

“சரி, அடுத்த வாரம் வர்றியா, இல்லியா?”

முந்தல் வரும்வரை யோசித்தாள். “வர்றேன். ஆனா அந்த ஜீப்பு எத்தன மணிக்குப் போகும்னு கேட்டு வைங்க.”

திங்கட்கிழமை கடைக்குப் போகும் முன் வெரசாகக் கிளம்பி, எஸ்டேட் ஜீப்புகள் கிளம்பும் இடத்துக்குப் போய் அந்த டிரைவரிடம் கேட்டேன்.

“ஆறரைக்குண்ணே,” என்றார் அவர். “தவறாம வந்துருங்க. எங்க பொம்பளைகளும் உங்களத்தான் கேட்டுக்கிட்டு இருக்காக.”