கல்லக்கா எழுதிய ஒரு வரி

வீட்டில் அவளுக்குக் கல்லக்கா என்று பெயர். கட்டுமானப் பொருள் பரிசோதனைக்கூடத்தில் இருபத்திரண்டு வருடமாகக் கல்லை உடைத்து, அரைத்து, நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பவளை வேறெப்படிக் கூப்பிடுவது? கடற்கரைக்குப் போனால் எல்லோரும் அலையைப் பார்த்துக்கொண்டு நிற்க, அவள் மட்டும் குனிந்து ஒரு பிடி மணலை அள்ளி உள்ளங்கையில் பரப்பிக்கொண்டிருப்பாள். “என் கல்யாணத்துல எடுத்த படம் ஒண்ணுலகூட அக்கா கேமராவப் பாக்கல. தரையில பதிச்சிருந்த கருங்கல்லையே பாத்துட்டிருந்தா” என்று தங்கை வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

கல்லக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மாடியில் அவள், கீழ்வீட்டில் தங்கையும் தங்கை புருஷனும். அவர் கட்டட மேஸ்திரி. அதிகம் வாய் திறக்காதவர். கலவையைக் கையில் அள்ளி விரலிடுக்கில் வழியவிட்டே தண்ணீர் கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவார். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில், அண்ணி என்று அவர் கூப்பிடும் கல்லக்காவும் அவரும் பேச உட்கார்ந்தால் கல், மணல், சிமெண்ட் என்று மதியம் வரை ஓடும். “இந்த வீட்டுல நாந்தான் சம்பந்தமில்லாத ஆளு” என்று தங்கை டீயை நங்கென்று வைத்துவிட்டுப் போவாள்.

பூமியின் மேல்தோலில் பெரும்பகுதி ஒரே வடிவத்தின் விளையாட்டு என்பது கல்லக்காவுக்கு அலுக்காத ஆச்சரியம். நடுவில் ஒரு சிலிக்கான் அணு, அதைச் சுற்றி நாலு மூலையில் நாலு ஆக்சிஜன். நான்முகி என்று அதற்குப் பெயர். இந்த நான்முகிகள் தனித்தனியாக நின்று, இடையில் மெக்னீசியமும் இரும்பும் புகுந்து பிடித்துக்கொண்டால் ஆலிவின். மூலையைத் தொட்டுத் தொட்டுச் சங்கிலியாக நீண்டால் பைராக்சீன். தாளாகப் பரவினால் மைக்கா. அதனால்தான் அது ஏடு ஏடாக உரிகிறது. நாலு மூலையையும் அக்கம்பக்கத்து நான்முகிகளோடு பங்குபோட்டுக்கொண்டு எல்லாத் திசையிலும் ஒழுங்காக அடுக்கினால் குவார்ட்ஸ்; இரும்பு ஆணியால் கீறினாலும் அதில் கோடு விழாது. இதையெல்லாம் அவள் சொல்ல ஆரம்பித்தால் கேட்பவர்கள் பஸ்ஸைத் தவறவிடுவார்கள்.

இந்தப் பேச்சு எப்படியோ வெளியே பரவி, ஒரு கல்லூரியிலிருந்து அவளை உரையாற்றக் கூப்பிட்டார்கள். பட்டயப் படிப்போடு நின்றவள் அவள். பேராசிரியர்கள் உட்கார்ந்திருக்கும் அரங்கில் பேசப்போகிறோம் என்றதும் தலைகால் புரியவில்லை. களிமண் உருண்டையும் கம்பியுமாக ஒவ்வொரு கனிமத்துக்கும் ஒரு மாதிரி செய்தாள். பரிசோதனைக்கூட மேசையிலேயே பரப்பி வைத்து, வேலை நேரத்திலேயே செய்தாள்.

அந்த வாரம்தான் ஒரு புதிய குவாரியின் ஜல்லி சோதனைக்கு வந்தது. மருத்துவமனை ஊழியர்களுக்காக நாலு மாடிக் குடியிருப்பு எழும்பப் போகிறது. தூணும் தளமும் போடும் பொறுப்பு அவள் தங்கை புருஷனுக்கு. படிவத்தில் நாலு கட்டங்கள் இருந்தன. உறுதி, நீர் உறிஞ்சும் அளவு, வேதியியல், நுண்ணோக்கி. முதல் மூன்றும் முடிந்துவிட்டன. சிலிக்கா தொண்ணூற்று மூன்று சதவிகிதம். நாலாவதற்குக் கல்லிலிருந்து சில்லு வெட்டி, கண்ணாடித் துண்டில் ஒட்டி, ஒளி ஊடுருவும் அளவுக்குத் தேய்க்க வேண்டும். ஒரு முழு நாள் பிடிக்கும். பொறியாளர் தொலைபேசியில் அவசரப்படுத்தினார். மறுநாள் கல்லூரிப் பேச்சு. மைக்கா மாதிரியில் இன்னும் பாதி உருண்டைகள் பொருந்தாமல் கிடந்தன.

கல்லைக் கையில் எடுத்தாள். ஜன்னல் பக்கம் திருப்பினாள். லேசான தேன் நிறம், கண்ணாடி மினுக்கு. பார்த்தால் தெரியாதா, இத்தனை வருடம் பார்க்கிறோமே என்று நினைத்துக்கொண்டு நாலாவது கட்டத்தில் எழுதினாள்: “குவார்ட்ஸ். சிமெண்டோடு வினைபுரியாது.” கீழே கையெழுத்து.

பேச்சு அமோகமாக நடந்தது. “ஒரு பொருளில் என்ன இருக்கிறது என்பது பாதிதான், எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பதே மீதி” என்று அவள் சொன்னபோது முன்வரிசைப் பேராசிரியர் ஒருவர் குறிப்பெடுத்துக்கொண்டார்.

கட்டி முடித்த ஆறாவது வருடம் அந்தக் குடியிருப்பில் விரிசல் தெரிய ஆரம்பித்தது. ஏழாவது வருடம் தூண்கள், படிக்கட்டுச் சுவர், மொட்டைமாடி விளிம்பு என்று எங்கு பார்த்தாலும் காய்ந்த குளத்து மண்போல வெடிப்பு. வந்து பார்த்த பொறியாளர், கலவையில் தண்ணீர் கூடிப்போயிருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். தண்ணீர் விட்டது யார்? மேஸ்திரி. வேலை வட்டாரத்தில் பேச்சுப் பரவ எத்தனை நாளாகும்? அவருக்கு ‘விரிசல் மேஸ்திரி’ என்று பெயர் விழுந்தது. புதிய கட்டடங்களுக்கு யாரும் கூப்பிடவில்லை. சுவருக்கு வெள்ளையடிக்கப் போனார். பழக்கப்பட்டவர்கள் எதிரே வந்தால் வெள்ளையடிக்கும் தூரிகையைப் பைக்குள் தள்ளிக்கொண்டு நடந்தார்.

ஒரு சனிக்கிழமை காலை, செய்தித்தாளில் எதையோ சுற்றிக்கொண்டு மாடிக்கு வந்தார்.

“அண்ணி, வேலையா இருக்கீங்களா?”

“இல்ல தம்பி, உள்ள வாங்க.”

“அந்த பில்டிங் தூண்ல இருந்து பேந்து விழுந்த துண்டு இது. நான் தண்ணிய அதிகமா விட்டுட்டேனாம். எனக்கு அப்படி ஞாபகம் இல்ல. ஆனா ஏழு வருஷம் ஆச்சு, எத அடிச்சுச் சொல்றது? நீங்க பாத்துச் சொன்னா நான் ஒத்துக்குவேன்.”

அவள் தாளைப் பிரித்தாள். உடைந்த பக்கத்தில் ஜல்லியைச் சுற்றி மை தீட்டினாற்போலக் கருத்த விளிம்பு. வெடிப்புக்குள் காய்ந்த கோந்துபோல வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. அந்த இடத்திலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. “பாக்குறேன் தம்பி” என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் விடுமுறை. சாவி வாங்கிக்கொண்டு பரிசோதனைக்கூடத்துக்குப் போய், அன்றைக்குச் செய்யாத வேலையைச் செய்தாள். சில்லு வெட்டினாள், ஒட்டினாள், தேய்த்தாள். நுண்ணோக்கியில் இரண்டு ஒளி வடிகட்டிகளுக்கு நடுவே வைத்துத் தட்டைச் சுழற்றினாள். குவார்ட்ஸாக இருந்தால் சுழற்றச் சுழற்ற வெளுத்தும் இருண்டும் மாறி மாறிக் கண் சிமிட்டும். ஓரத்தில் சில மணிகள் அப்படிச் சிமிட்டின. நடுவில் இருந்த பெரும்பகுதி எந்தப் பக்கம் திருப்பினாலும் இருட்டாகவே நின்றது. ஓபல். அதே சிலிக்கான், அதே ஆக்சிஜன், அதே நான்முகி. ஆனால் வரிசை இல்லாமல் குவிந்தவை. அலமாரியிலிருந்து பழைய கோப்பை இழுத்தாள். நாலாவது கட்டத்தில் அவள் கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. அவசரத்தில் எழுதியது என்றுகூடச் சொல்ல முடியாது.

கீழ்வீட்டில் மேஸ்திரி காத்திருந்தார். வரும் வழியெல்லாம் சொல்லிவிடுவதாகத்தான் இருந்தாள். அவர் எழுந்து நின்று நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார். அந்த மரியாதையைப் பார்த்ததும் வேறொன்றைச் சொன்னாள்.

“காரணம் இதுதான்னு உறுதியாச் சொல்ல முடியல தம்பி.”

“பரவால்ல அண்ணி. என் மனசு நோகக் கூடாதுன்னு சொல்ல மாட்டேங்கறீங்க. எனக்குப் புரியுது.”

அவள் நாற்காலியில் உட்காராமலே மாடியேறினாள்.

அதன் பிறகு பதினொரு மாதம். அந்தப் பதினொரு மாதத்தை அவள் எப்படிக் கழித்தாள் என்றால், ஒளிந்து ஒளிந்துதான். அவர் வேலைக்குக் கிளம்பிய பிறகே படியிறங்குவாள். ஞாயிற்றுக்கிழமை தலைவலி என்பாள். அவரோ மாடிக்குத் தண்ணீர் ஏறவில்லை என்றால் கேட்காமலே குழாயைச் சரிசெய்துவிட்டுப் போவார். கதவு இடித்தால் இழைத்துக் கொடுப்பார். அவர் இழைப்புளி ஓட்டும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அவள் உள்ளறையில் துணியை மடிப்பாள், மடித்ததையே பிரித்து மறுபடி மடிப்பாள். பரிசோதனைக்கூடத்தில், யாரும் கேட்காத கல்லுக்கெல்லாம் சில்லு தேய்க்க ஆரம்பித்தாள். “என்னம்மா, கல்லைப் பொடியாக்கியே தீர்த்துடுவ போல” என்று கூடத்தின் தலைவர் கிண்டல் செய்தார். சிரித்து வைத்தாள். கண்ணாடி முன்னால் தலைவாரும்போதுகூட வகிட்டை மட்டும் பார்த்தாள்.

குடியிருப்புச் சங்கத்திலிருந்து மேஸ்திரியைக் கூட்டத்துக்கு வரச் சொன்னார்கள். அவர் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு மாடிப்படியின் கீழே நின்றார்.

“நீங்களும் வாங்க அண்ணி. எனக்குக் கூட்டத்துல பேச வராது. பக்கத்துல நீங்க இருந்தா தைரியமா இருக்கும்.”

தரைத்தளத்தில், சைக்கிள்களை ஒதுக்கிவிட்டு நாற்பது பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். தாதியர், ஆம்புலன்ஸ் ஓட்டுநர்கள், சமையல்கட்டு ஆட்கள். தலைக்குமேலே தளத்தில் வெடிப்புகள் வலைபோல ஓடின. மேஸ்திரி எழுந்தார். கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“தண்ணி நாந்தான் கூட விட்டிருப்பேன். வேணும்னு செய்யல. நீங்கல்லாம் குழந்தைகுட்டியோட இருக்கீங்க. என்னை மன்னி—”

“அவர் மேல தப்பில்ல” என்றாள் கல்லக்கா. எழுந்தது அவளுக்கே தெரியவில்லை. நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. “தண்ணி சரியாத்தான் விட்டிருக்காரு. தப்பு ஜல்லில. அந்த ஜல்லி நல்லதுன்னு கையெழுத்துப் போட்டது நான்.”

அவளே தொடர்ந்தாள். “இந்தக் கல்லும் நல்ல கல்லும் ஒரே பொருள்தான். நல்ல கல்லுல எல்லாம் ஒழுங்கா இறுக்கமா அடுக்கியிருக்கும், எதுவும் உள்ள நுழைய முடியாது. இதுல அந்த ஒழுங்கு கிடையாது, உள்ள தண்ணிகூட கலந்திருக்கும். சிமெண்ட்ல இருக்கற சோடியமும் பொட்டாசியமும் சுலபமா நுழைஞ்சிடும். நுழைஞ்சா கல்லு கொஞ்சங்கொஞ்சமா கோந்து மாதிரி ஆகும். அது மழைத்தண்ணியக் குடிச்சு வீங்கும். வீங்கிக் காங்கிரீட்ட உள்ளேருந்தே பிளக்கும்.”

முன்வரிசையில் இருந்த தாதி கேட்டாள். “இது பாத்தா தெரியுமா?”

“நுண்ணோக்கில பாத்தா தெரியும்.”

“நீங்க பாத்தீங்களா?”

“பாக்கல.”

“பாத்ததா எழுதினீங்களா?”

“எழுதினேன்.”

“ஏம்மா?”

வேலைப்பளு என்று சொல்லியிருக்கலாம். பொறியாளர் அவசரப்படுத்தினார் என்று சொல்லியிருக்கலாம். அது பொய்யும் இல்லை. “ஒரு காலேஜ்ல பேசக் கூப்பிட்டிருந்தாங்க. கல்லு எப்படி அடுக்கியிருக்குங்கறதப் பத்திதான். அதுக்குத் தயார் பண்ணிட்டிருந்தேன்.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். ஒரே ஒரு சிரிப்பு, அதுவும் பாதியில் நின்றது. காது மடல் எரிய அவள் நின்றுகொண்டிருந்தாள். விழுந்த நாற்காலியை யாரும் எடுத்து நிறுத்தவில்லை.

திரும்பும்போது மேஸ்திரி பஸ் ஏறவில்லை. நடந்தார். அவளும் நாலடி பின்னால் நடந்தாள். மேம்பாலத்தின் பாதியில் அவர் நின்றார்.

“எப்ப தெரிஞ்சது உங்களுக்கு?”

“நீங்க துண்டக் கொண்டுவந்த மறுநாள்.”

அவர் விரல்விட்டு எண்ணினார். “பதினொரு மாசம்.” பிறகு, குரலை உயர்த்தாமல் சொன்னார்: “கல்லப் பாக்காம விட்டுட்டீங்க. சரி, வேலைனா அப்படி ஒண்ணு ரெண்டு விட்டுப்போகும், நானும் விட்டிருக்கேன். என்னை தினம் பாத்தீங்களே அண்ணி.”

அவள் பாலத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். அவர் போய்விட்டார்.

திங்கட்கிழமை கூடத்தின் தலைவர் முன்னால் பழைய கோப்பையும் தன் புதிய சோதனைக் குறிப்பையும் வைத்தாள். கையெழுத்திடும் உரிமையை எடுத்துவிட்டார்கள். வேலையை விட்டு நீக்கவில்லை. சில்லு தேய்க்கும் மேசை மட்டும் அவளுடையது, பார்ப்பதும் எழுதுவதும் வேறொருவர். அந்த வருடத்துக் கோப்புகள் முழுவதையும் அவளே கேட்டு வாங்கி எடுத்துப் பார்த்தாள். இன்னும் இரண்டு இடங்களில் தேய்க்காமலே எழுதியிருந்தாள். ஒன்று நல்ல கல். இன்னொன்று அப்படியல்ல; ஒரு மதில்சுவருக்குப் போயிருந்தது. அதையும் எழுதிக் கொடுத்தாள்.

தங்கை ஆறு வாரம் பேசவில்லை. ஏழாவது வாரம் மாடிக்கு வந்து, கொடியில் காய்ந்த துணிகளை எடுத்துக் கட்டிலில் போட்டுவிட்டு, “உன்ன எத்தனை பேருகிட்ட பெருமையாப் பேசியிருக்கேன் தெரியுமா?” என்று கேட்டு அழுதாள். கல்லக்கா அவள் தோளைத் தொடப் போனாள். தங்கை விலகிக்கொண்டாள்.

சங்கத்தார் மேஸ்திரிக்கு மன்னிப்புக் கடிதம் எழுதினார்கள். விரிசல் மேஸ்திரி என்ற பெயர் அதற்காக உடனே போய்விடவில்லை. வீங்கிய கல்லை மறுபடி சுருக்க வழியில்லை. இனிமேல் தண்ணீர் உள்ளே போகாமல் பார்த்துக்கொள்வது ஒன்றுதான் செய்ய முடிந்தது. வெடிப்புகளை அடைத்து மேலே நீர்புகாப் பூச்சு பூசும் வேலையை மேஸ்திரியிடமே கொடுத்தார்கள். விரிசல் வளர்கிறதா நிற்கிறதா என்று யாராவது அளக்க வேண்டும் என்ற பேச்சு வந்தபோது கல்லக்கா, தான் வருவதாகச் சொல்லி அனுப்பினாள். வேண்டாம் என்று சொல்லத்தான் சிலர் நினைத்தார்கள். அந்தத் தாதிதான், “வரட்டும். வந்து பாக்கட்டும்” என்றாளாம்.

மாதத்தின் முதல் ஞாயிறு அவள் அளவுகோலும் நோட்டுமாகப் போவாள். வீட்டுக் கதவுகள் திறந்திருக்கும். யாரும் உள்ளே கூப்பிட மாட்டார்கள். குழந்தைகள் வேடிக்கை பார்ப்பார்கள். படிக்கட்டில் எதிர்ப்படுகிறவர்கள் ஒதுங்கி வழிவிடும்போது அவளுக்குக் கன்னம் சுடும். ஒதுங்காமல் இடித்துக்கொண்டு போனால் தேவலை என்றிருக்கும்.

நாலாவது மாதம் மொட்டைமாடியில் மேஸ்திரி இருந்தார். முட்டி போட்டுப் பூச்சு பூசிக்கொண்டிருந்தார். வாளியும் தூரிகையும் அவர் பக்கத்தில். அவள் முதல் தூணை அளந்தாள், இரண்டாவதை அளந்தாள். முதலாவது போன மாதம் இருந்தபடியே இருந்தது. இரண்டாவது ஒரு மயிரிழை கூடியிருந்தது. இரண்டையும் உள்ளதை உள்ளபடி எழுதினாள்.

“மூணாவத அப்புறம் அளங்க” என்றார் அவர், தலையைத் தூக்காமல். “இப்பதான் பூசினேன். ஈரமா இருக்கு.”

அண்ணி என்று கூப்பிடவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை. சரி என்று சொல்லிவிட்டு, அது காயும்வரை வெயிலிலேயே நின்றாள்.