நிலத்துக்கு அடியில் நாலு சென்டிமீற்றர்

ஜெர்மனியில், பீலெஃபெல்ட் நகருக்கு வெளியே நாங்கள் கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்குக் கூரை போட்டு, ஜன்னல்களும் கதவுகளும் பொருத்திய பிறகுதான் அடித்தளக் கொங்கிறீற் நாலு சென்டிமீற்றர் கூடுதல் உயரமாக ஊற்றப்பட்டிருப்பது தெரிந்தது. யாருடைய பிழை என்று எத்தனையோ கடிதங்கள் எழுதினோம். அதையெல்லாம் சொல்ல எனக்கு இப்போது தெம்பில்லை. கொங்கிறீற்றுக்கு மேலே குளிர் ஏறாமல் நுரைத் தகடு பரப்ப வேண்டும். அதற்கு மேல் சுடுதண்ணீர்க் குழாய்கள், பிறகு சீமெந்துப் பூச்சு, கடைசியாக ஓடு. இத்தனைக்கும் இருந்த இடத்தில் நாலு சென்டிமீற்றர் போய்விட்டது.

என் கணவர் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். அறைகளில் தடித்த வெள்ளைத் தகட்டையே போடுவது, வாசலில் இருந்து உள்ளே போகும் நடைபாதையில் மட்டும் மெல்லியதைப் போடுவது. நடைபாதையில் இருந்து ஒவ்வொரு அறைக்கும் ஒரு சின்னப் படி ஏற வேண்டியிருக்கும். "நாலு சென்டிமீற்றர் ஒரு படியே?" என்று சிரித்தார். கட்டட வேலையைப் பார்த்த ஜெர்மன் எஞ்சினியரும் சம்மதித்தார். வெள்ளைத் தகடுகள் வந்து இறங்கின. நாங்கள் ஊரில் ரெஜிபோம் என்று சொல்லும் அதே சாமான்தான், கொஞ்சம் இறுக்கமானது. என்னோடு வேலை செய்யும் தமிழ்நாட்டுப் பெண் அதைத் தெர்மாகோல் என்பாள். வீட்டுக்கு அடியில் அதையா போடுகிறீர்கள் என்று அவள் நம்பாமல் கேட்டாள்.

அடுத்த கிழமை ஒரு காலையில் முகம் வழித்துக்கொண்டு நின்ற என் கணவர் குளியலறையில் விழுந்தார். பாரிசவாதம். வலது கையும் வலது காலும் போயின. பேச்சும் போனது. ஐம்பத்தெட்டு வயது.

ஆஸ்பத்திரியில் இருந்து அவரை மறுவாழ்வுச் சிகிச்சை நிலையத்துக்கு மாற்றினார்கள். நான் காலையில் வேலை, பின்னேரம் பஸ் பிடித்து அவரிடம், பிறகு வீடு என்று ஓடிக்கொண்டிருந்தேன். என் வேலை ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில். பதினாறு வருடமாகச் சாப்பாட்டு வண்டி தள்ளுகிறேன். பழைய கட்டடத்துக்கும் புதிய கட்டடத்துக்கும் நடுவே அங்கே ஒரு விளிம்பு உண்டு, இரண்டு விரல் உயரம்கூட வராது. அதில் சூப் தளும்பாத நாளில்லை. சக்கர நாற்காலியில் வருகிறவர்கள் அந்த இடத்துக்கு வந்ததும் நின்று, யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்ப்பார்கள். ஒரு நாள் வண்டியை அதில் ஏற்றும்போதுதான் எங்கள் வீட்டுப் படி என் நினைவுக்கு வந்தது. வண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன்.

எஞ்சினியரைக் கட்டடத்தில் சந்தித்தேன். அவர் கெட்ட மனிதரல்ல. என் கணவருக்கு நடந்ததைக் கேட்டதும் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். வெள்ளைத் தகட்டையே எல்லா இடத்திலும் மெல்லியதாகப் போட்டால் நிலம் எந்த நாளும் குளிரும், அனுமதிக்குக் காட்ட வேண்டிய வெப்பக் கணக்கும் தேறாது என்றார். வேறொன்று இருந்தது. மஞ்சள் நிறக் கடின நுரை, இரண்டு பக்கமும் வெள்ளித் தாள் ஒட்டியது. குறைந்த தடிப்பிலேயே அதே அளவு குளிரைத் தடுக்கும். அதைப் போட்டால் வாசலில் இருந்து தோட்டத்துக் கதவு வரை ஒரே மட்டம். நாற்காலியின் பாரத்தைத் தாங்குமா என்று கேட்டேன். ஒரு துண்டைக் கீழே போட்டு அதன்மேல் ஏறி நின்று காட்டினார்.

ஆனால் கணக்குகளைத் திரும்பப் போட வேண்டும். புதிய தகடு வர வேண்டும். சீமெந்துப் பூச்சுக்காரர் வரக் குறித்திருந்த டெர்மின் தவறிவிடும், அடுத்தது கிடைக்க ஆறு கிழமையாவது செல்லும் என்றார். அந்த ஆறு கிழமைதான் என்னை விழுத்தியது. என் கணவரைச் சிகிச்சை நிலையத்தில் இருந்து விடும் நாள் குறித்தாகிவிட்டது. நாங்கள் இருந்த வாடகை வீடு மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை. புது வீடு பிந்தினால், அவ்வளவு காலமும் அவரைத் தற்காலிகப் பராமரிப்பில் வைக்க வேண்டும். கிடைத்த ஒரே இடம் நான் வேலை செய்யும் முதியோர் இல்லம்.

இரண்டு தகட்டிலும் ஒவ்வொரு துண்டு வாங்கித் துணிப்பையில் போட்டுக்கொண்டு அவரிடம் போனேன்.

"இஞ்சாருங்கோ, வெள்ளையைப் போட்டால் அறை வாசல் எல்லாத்திலயும் படி வரும். மற்றதைப் போட்டால் வீடு முழுக்க மட்டம். ஆனா சுணங்கும். எதைப் போடுறது?"

"ஓம்," என்றார்.

அந்த நாட்களில் அவருக்கு எல்லாவற்றுக்கும் ஓம்தான் வந்தது. இல்லை என்று சொல்ல நினைத்தாலும் ஓம் என்றே வரும், பிறகு தன்மேலேயே எரிச்சல்படுவார். கேள்வி கேட்காமல் பொருளைக் காட்டுங்கள், கை சொல்லும் என்று பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் எனக்குச் சொல்லியிருந்தாள். இரண்டு துண்டையும் அவருடைய இடது கைப்பக்கம் வைத்தேன். வெள்ளித் தாள் ஒட்டியதைப் புறங்கையால் தள்ளிவிட்டார். வெள்ளையை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டார். வாய் பலமுறை திறந்து மூடியது.

"நடப்பன்."

விழுந்த பிறகு, ஓமைத் தவிர அவர் தெளிவாகச் சொன்ன முதல் சொல் அது. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்.

"நடப்பியள்," என்றேன். "அதுவரைக்கும்?"

கண்ணை மூடிக்கொண்டார். தாதி வரும்வரை வெள்ளைத் துண்டை விடவில்லை.

ஹாலே நகரில் படிக்கும் மகள் அன்று தொலைபேசியில் அழுதாள். "அம்மா, அப்பாட விருப்பத்துக்கு மாறாச் செய்தால் அவர் உடைஞ்சு போவார்," என்றாள். கேட்டுவிட்டேன், அவரும் சொல்லிவிட்டார், நிலம் போடுகிற வேலை இனி என்னுடையது என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன். மறுநாள் தேநீர் இடைவேளையில், சமையலறைக் குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று எஞ்சினியரை அழைத்து, வெள்ளித் தாள் ஒட்டிய தகட்டைப் போடச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை அதை அவரிடம் சொன்னபோது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஆறு கிழமை என்றது, பூச்சுக் காய்வதோடு சேர்த்துப் பத்துக் கிழமைக்கு மேல் இழுத்தது. அவர் முதியோர் இல்லத்தில் இருந்த அவ்வளவு நாளும் நான் தள்ளிய வண்டியில் இருந்து அவருக்கும் ஒரு தட்டுப் போனது. எண்பது, தொண்ணூறு வயதுக்காரர்களோடு ஒரே மேசையில் இருக்க மறுத்து அறைக்குள்ளேயே சாப்பிட்டார். முதல் நாட்களில் நான் வைத்த பாண், சூப் எதையும் அவர் தொடவேயில்லை. வேறு யாராவது வைத்தால் சாப்பிடுவார். அது தெரிந்த பிறகு, சக வேலைக்காரியிடம் தட்டைக் கொடுத்துவிட்டு நான் கதவுக்கு வெளியே நின்றேன். அவர் என்னை மன்னிக்க வேண்டும் என்றுகூட எனக்கு அப்போது தோன்றவில்லை. நித்திரை வந்தால் போதும் என்றிருந்தது.

தகடு போட்ட அன்று லீவு எடுத்துக்கொண்டு கட்டடத்துக்குப் போனேன். இரண்டு வேலைக்காரர், இரண்டு அடுக்கு. கீழடுக்கின் பொருத்தும் மேலடுக்கின் பொருத்தும் ஒன்றன்மேல் ஒன்று வராமல் ஒழுங்காகத்தான் பரப்பினார்கள். கழிவுநீர்க் குழாயைச் சுற்றி மட்டும் இரண்டு விரல் இடைவெளி. பூச்சு மூடிவிடும் என்றார்கள். மூடும், குளிர் அதற்குள்ளால் வரும் என்றேன். ஒருவர் தோளைக் குலுக்கினார். சண்டை பிடிக்க எனக்குத் தெம்பில்லை. விலகிப் போகவும் தெம்பில்லை. அந்தக் குழாய்க்குப் பக்கத்திலேயே நின்றேன். கடைசியில் இளையவர் வாகனத்துக்குப் போய் நுரைக் குழலை எடுத்துவந்து இடைவெளியை அடைத்தார். வெள்ளைத் தகடுகளை மேல்மாடி நிலத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அவை போதும்.

பத்தியமும் மருந்துப் பெட்டியுமாக அவர் புது வீட்டுக்கு வந்த நாள், தள்ள வந்த என் கையை விலக்கினார். இடது கையால் சக்கரத்தை உருட்டி, இடது காலால் நிலத்தை உந்தி, வாசலில் இருந்து நடைபாதைக்கும், அறைக்கும், குசினிக்கும், தோட்டத்துக் கதவடிக்கும் தானே போனார். எங்கேயும் நிற்கவில்லை. கதவடியில் சப்பாத்தைக் கழற்றச் சொல்லிக் கையால் காட்டினார். கழற்றினேன். இடது பாதத்தை ஓட்டில் வைத்துப் பார்த்தார். வலது பாதத்தையும் தூக்கி வைக்கச் சைகை செய்தார். அதற்குச் சூடு தெரியாது. வைத்தேன்.

"காணும்," என்றார், போதும் என்று கையையும் காட்டி.

இப்போது காலையில் நாலு காலுள்ள பொல்லை ஊன்றிக் கட்டிலில் இருந்து குளியலறை வரை நடக்கிறார். பதினொரு அடி. மத்தியானத்துக்குப் பிறகு கால் தூக்காது, நாற்காலிதான். பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது. இல்லை என்பதற்கு இல்லை என்கிறார், அதை அடிக்கடி சொல்கிறார். அந்தத் தகட்டைப் பற்றி மட்டும் அவர் எதுவும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.